சிறப்புக் குழந்தைகள் மையம் தொடங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக ஒரு மையம் தொடங்க வேண்டும் என்று கிளம்புகிறவர் பெரும்பாலும் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை உள்ள பெற்றோராக இருப்பார்; இல்லையென்றால் பணி ஓய்வு பெற்ற அதிகாரி, அல்லது வெளிநாட்டில் சம்பாதித்துச் சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய நினைப்பவர். யாராக இருந்தாலும் மனத்தில் முதலில் எழுவது கட்டடம்தான். ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர், ஒரு நுழைவாயில், தாத்தா பெயரில் ஒரு கல்வெட்டு. நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அந்தப் பக்கம் பஸ் போகாது என்று பொருள். பத்திரம் பதியும் அன்று அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்த மையத்துக்கு யார் வருவார்கள்? மூளை முடக்குவாதம் உள்ள எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு ஒரு தாய் வருவார். இரண்டு பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து வெயிலில் நடந்து வர வேண்டும். பிள்ளையின் எடை மாதாமாதம் கூடும்; தாயின் இடுப்புக்குப் பலம் கூடாது. அவர் நூறு நாள் வேலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போகிறவர். பிள்ளையோடு மையத்துக்கு வரும் நாளெல்லாம் கூலி போன நாள். முதல் மாதம் தவறாமல் வருவார், பிறகு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு வரமாட்டார். பதிவேட்டில் ‘பெற்றோரின் ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். இந்த வரியை எங்கே பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில், படி இல்லாத ஒரு வாடகை வீடு போதும். மிச்சப் பணம் வேனுக்கும் டீசலுக்கும் போகட்டும். அதைவிட முக்கியம், மையம் குழந்தையின் வீட்டுக்குப் போக வேண்டும். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தை நேரில் போய்ப் பாருங்கள். விபத்தில் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தவர் தொடங்கிய அமைப்பு அது. அங்கே கட்டடங்களும் இருக்கின்றன. ஆனால் கவனிக்க வேண்டியது, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களை வீடு வீடாக அனுப்பும் முறை. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களிலும், சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு போட்டி போடாமல், முதல் வாரமே போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது, கணக்குத் தெரியாத தவறு. வாரம் மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் பயிற்சி என்றால் இரண்டேகால் மணி நேரம் ஆகிறது. வாரத்தில் 168 மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் பிள்ளை வீட்டில் பாயில் ஒரே பக்கமாகக் கிடந்தால், மையத்தில் நீட்டிவிட்ட தசை மறுபடி இறுகிவிடும். ஆனால் பல மையங்களில் ‘பெற்றோர் வெளியே அமரவும்’ என்று பலகை தொங்குகிறது. கதவு சாத்தப்பட்ட அறைக்குள் என்ன நடக்கிறது என்று தாய்க்குத் தெரியாது. அவர் கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சாப்பாட்டு வேளையை எடுத்துக்கொள்ளுங்கள். தசை இறுக்கம் உள்ள குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து ரசஞ்சோற்றை ஊற்றும் வழக்கம் வீடுகளில் இருக்கிறது. பிள்ளை திணறும், கண்ணில் நீர் வழியும், தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும். ‘இவனுக்குச் சளி உடம்பு’ என்பார் தாய். உண்மையில் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது. அடிக்கடி வரும் நிமோனியாவுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, இடுப்புக்கும் முதுகுக்கும் அணை கொடுத்து, தலை சற்று முன்னால் சாய்ந்திருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீராக ஓடும் ரசத்தைவிடக் கெட்டியான கஞ்சியோ, பருப்போடு குழைய மசித்த சோறோ பெரும்பாலான பிள்ளைகளுக்கு விழுங்க எளிது. சின்னக் கரண்டி, முன்பக்கமிருந்து, வாய்க்கு நேரே. ஒரு வாய் இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். இதை அட்டையில் எழுதிக் கொடுத்தால் பயனில்லை. தாயின் கையில் கரண்டியைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஊட்டுவதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை நாள் தவறாக ஊட்டினீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளையை இதுவரை உயிரோடு வைத்திருப்பவர் அவர்தான்.

இதே சாப்பாட்டு வேளையில்தான் நன்கொடையாளரும் வருகிறார். பிறந்தநாள், திருமணநாள், தாத்தாவின் திதி எல்லாவற்றுக்கும் ‘ஒரு வேளை சாப்பாடு’. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மூன்று குடும்பங்கள் ஒன்றாக வந்து நிற்கும். பிரியாணி, கேக், பலூன். பலூன் வெடித்தால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலர் காதைப் பொத்திக்கொண்டு அலறுவார்கள். சரியாக மெல்லவே முடியாத பிள்ளையின் வாயில் ஒருவர் கேக்கை வைத்தபடி கேமராவைப் பார்ப்பார். மைய நிர்வாகி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். அவருக்கு அடுத்த மாத வாடகை கவலை. மனம் நல்ல மனம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் குழந்தைகளைக் காட்சிப்பொருளாக்கி வாங்கும் சோறு அவர்களுக்கு வேண்டாம். வெளியில் சமைத்தது வராது, யார் எதைச் சாப்பிடலாம் என்ற பட்டியல் சமையலறைச் சுவரில் இருக்கும், பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் எந்தக் குழந்தையின் முகமும் படத்தில் வராது. இந்த மூன்றையும் முதல் நாளே வாசலில் எழுதி ஒட்டுங்கள். கூடவே ஒரு விலைப்பட்டியலும் இருக்கட்டும்: ஒரு மாத டீசல், ஒரு பிள்ளையின் வலிப்பு மாத்திரை, ஆயாவின் ஒரு மாதச் சம்பளம். கேட்டால் கொடுப்பார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

விழா மேடையில் சக்கர நாற்காலி வழங்குவதும் இந்த ரகம். பெரியவர்களுக்கான மடக்கு நாற்காலியில் ஆறு வயதுச் சிறுமியை உட்காரவைத்தால் அவள் ஒரு பக்கம் சரிந்து, கால் தொங்கி, நாளடைவில் முதுகெலும்பு வளையும். இடுப்பின் அகலம், தொடையின் நீளம், கால்மிதியின் உயரம் எல்லாவற்றையும் அளந்து கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. வளரும் பிள்ளை என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். டயர் பஞ்சரானால் உள்ளூர் சைக்கிள் கடையில் ஒட்ட முடிகிற வண்டியாக வாங்குங்கள். வீட்டு வாசற்படியை அளக்காமல் நாற்காலி கொடுத்தால், அதன்மேல் துணி காய்வதைத்தான் அடுத்த முறை பார்ப்பீர்கள்.

ஊழியர் விஷயத்தில் ‘சேவை மனப்பான்மை’ என்ற சொல்லைச் சொல்லிச் சொல்லியே சம்பளத்தைக் குறைக்கிறார்கள். சிறப்பாசிரியர் ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார். பேசாத பிள்ளை அந்த ஆசிரியரிடம் பழகி, கண்ணைப் பார்த்து, பசிக்கிறது என்று சைகை காட்டத் தொடங்கும்போது அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு உள்ளவரா என்று பாருங்கள். பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்வது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயாக்களையும் பயிற்சிக்கு அனுப்புங்கள். பிள்ளைக்குக் கழுவிவிடுவதும் தூக்குவதும் அவர்கள்தான். முதுகில் புண் தொடங்குவதை முதலில் பார்ப்பதும் அவர்கள்தான். வலிப்பு வந்தால் கையில் சாவிக் கொத்தைத் திணிப்பதை அவர்கள் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. வாயில் எதையும் வைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பார்க்க வேண்டும்; ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

பாதுகாப்பில் சலுகை கிடையாது. பேச முடியாத குழந்தையைத் துன்புறுத்துகிறவனுக்குச் சாட்சி இல்லை என்ற தைரியம் இருக்கும். அதனால் கழிப்பறைக்கோ பயிற்சி அறைக்கோ ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியே கதவைச் சாத்திக்கொள்ளும் நிலையே இருக்கக் கூடாது. வேனில் ஓட்டுநரைத் தவிர இன்னொருவர் இருக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் ‘மையத்தின் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள் பேசி முடித்துவிடலாம்’ என்பவர்கள் கமிட்டியில் கட்டாயம் இருப்பார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. குழந்தைகள் உதவி எண்ணான 1098 எல்லா ஊழியருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

தீயைப் பற்றித் தமிழ்நாட்டில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநல விடுதி ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். ஆனாலும் பிள்ளைகள் ஓடிவிடுகிறார்கள் என்று கிரில் கதவைப் பூட்டிச் சாவியைத் தலைமை ஆசிரியர் கைப்பையில் போட்டுக்கொண்டு போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நடக்க முடியாத பிள்ளைகளை மாடியில் வைப்பவர்கள், மின்சாரம் போன ஓர் இருட்டு வேளையில் எல்லோரையும் கீழே இறக்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பிடித்துப் பார்க்கட்டும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் மையம் நடத்தக் கூடாது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். வெளிநாட்டு உறவினர் பணம் அனுப்பும்போது அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேளுங்கள்: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும். அதை உரிய பதிவில்லாமல் வாங்கினால் மையத்தையே மூட நேரிடலாம். குழந்தைகளின் காகிதமும் உங்கள் வேலைதான். 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வி உரிமை இருக்கிறது. பக்கத்துப் பள்ளியில் உட்கார முடிகிற பிள்ளையைத் தலை எண்ணிக்கைக்காக மையத்திலேயே பிடித்துவைக்காதீர்கள். தனித்துவ அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஒருவரை வாரம் ஒரு நாள் உட்காரவையுங்கள்.

விடுதி தொடங்குங்கள் என்ற நெருக்கடி எல்லா மையத்துக்கும் வரும். ‘எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?’ என்று ஒரு தகப்பன் கேட்கும்போது மறுத்துப் பேச வாய் வராது. பத்துக் கட்டில் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். இரவுப் பணிக்கு ஆள் கிடைப்பது, நள்ளிரவில் வலிப்பு, பூப்படைந்த பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு என்று அது வேறு தொழில். ஆதரவு தேவைப்படும் குழந்தைகளைத் தங்கவைக்க இளைஞர் நீதிச் சட்டப் பதிவும் வேண்டும். பகல் மையமே தடுமாறும் இடத்தில் அதைத் தொட வேண்டாம்.

அந்தத் தகப்பனுக்குப் பதில் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் பெற்றோரே தானாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டபூர்வப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். அண்ணனோ அத்தையோ யார் பொறுப்பேற்பது என்ற பேச்சைப் பிள்ளைக்குப் பதினான்கு, பதினைந்து வயதிலேயே வீட்டில் தொடங்கச் சொல்லுங்கள். அதே வயதில் பிள்ளைக்கும் கறிவேப்பிலை உருவுவது, கவர் ஒட்டுவது, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருவது என்று ஏதாவது ஒரு வேலையைப் பழக்கத் தொடங்குங்கள். வண்ணம் தீட்டும் புத்தகத்தை இருபது வயது இளைஞனின் கையில் கொடுத்து உட்காரவைத்திருக்கும் மையங்கள் நிறைய இருக்கின்றன.