செட்டிநாட்டில் முதல் பயணப் பதிவு: ஓர் ஊரை எடுத்துக்கொண்டு படமெடுப்பதும் எழுதுவதும்

பயண எழுத்தையும் ஒளிப்படத்தையும் தொழிலாகக் கொள்ள விரும்பிச் செட்டிநாட்டுக்கு வருவோரில் பலர், ஒரே நாளில் பிள்ளையார்பட்டி, காரைக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று வண்டியில் சுற்றிவந்து, இணையத்தில் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் அதே தூண்களையும் அதே தரையையும் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களாகப் பரவியிருக்கும் நிலப்பகுதி இது. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதும் ஏதோ ஒரு மாளிகை அன்று. ஊர்த் தொகுதிகளே அதில் இடம்பெற்றன. ஆகவே புதிதாகத் தொடங்குபவர் ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை முழுமையாகப் பதிவு செய்வதற்கான வழிமுறையை இங்கே தருகிறேன்.

முதல் படி: ஊரும் பருவமும்

தொடக்கத்துக்குக் கானாடுகாத்தானைப் பரிந்துரைப்பேன். காரைக்குடியிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர் தொலைவு; செட்டிநாடு ரயில் நிலையம் அருகிலேயே இருக்கிறது; பழைய வீடுகளே தங்கும் விடுதிகளாக மாறியிருப்பதால், விடியற்காலையிலும் அந்தியிலும் ஒரு வளவின் (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் கொண்ட பகுதி) நடுவில் நிற்கும் வாய்ப்பு கிடைக்கும். தை, மாசி மாதங்கள் மிகவும் ஏற்றவை. சித்திரை வெயிலில் பகல் முழுவதும் தெருவில் நடப்பது கடினம். ஐப்பசி, கார்த்திகையில் மழை குறுக்கிடலாம். ஆனால் ஓட்டுச் சரிவுகளிலிருந்து முற்றத்துக்குள் நீர் கொட்டுவதைப் படமாக்க விரும்புவோர் அந்த மழையைத் தேடியே வரலாம்.

இரண்டாம் படி: அனுமதி

இந்த வேலையில் பாதி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு யாருக்கும் உரியதல்லாதது போலத் தோன்றினாலும், அது பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொதுவானதாகவே இருக்கும். அவர்களில் ஒருவர் சென்னையிலும் இன்னொருவர் மலேசியாவிலும் இருக்கக்கூடும். காவலுக்கு இருப்பவர் தலையசைத்துக் கதவைத் திறந்துவிடுவதை உரிமையாளரின் அனுமதியாகக் கொள்ளக்கூடாது. காவலாளியிடமே எண்ணைக் கேட்டு, பொறுப்பிலுள்ள பங்காளியிடம் தொலைபேசியில் பேசிவிடுவதுதான் முறை. வளவைச் சுற்றியுள்ள அறைகள் அந்தந்தக் குடும்பத்தின் புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி) உரியவை என்பதால், கதவு திறந்திருந்தாலும் உள்ளே கேமராவைத் திருப்பக் கூடாது. வீட்டில் ஆள் இருந்தால் திண்ணையிலேயே நின்று, கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு, “ஆச்சி, வளவைப் பாத்துட்டு ரெண்டு படம் எடுத்துக்கலாமா?” என்று கேளுங்கள். மறுத்தால் மறுபேச்சின்றி நகர்ந்துவிடுங்கள். படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு), திருமணம், அறுபதாம் கல்யாணம் ஆகியவற்றுக்காகக் குடும்பம் கூடியிருக்கும் வீட்டில் அழைப்பில்லாமல் நுழைவது, எத்தனை நல்ல படம் கிடைத்தாலும் தகாத செயல்.

அனுமதி கேட்கக் கூச்சப்படுவோர், கட்டணம் செலுத்திப் பார்க்கக்கூடிய ஆத்தங்குடிப் பெரிய வீட்டில் முதலில் பயிற்சி செய்யலாம். கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருப்பதால், நகரத்தார் (செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார்) கோயில்களுக்குச் செல்லும்போதும் வாயிலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: வீட்டுக்குள் வெளிச்சம்

இங்குள்ள பெரும்பாலான வீடுகள் கிழக்கு மேற்காக நீண்டு, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பு கிழக்கு நோக்கியிருந்தால் சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தையும், மேற்கு நோக்கியிருந்தால் மாலையின் கடைசி ஒரு மணி நேரத்தையும் அதற்கென ஒதுக்குங்கள். முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி வரை நிலைக்கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருப்பதால், நடுவாசலில் இடுப்பு உயரத்தில் கேமராவை வைத்து எடுக்கும் ஒரே படம் வீட்டின் அமைப்பு முழுவதையும் சொல்லிவிடும்.

வளவில் சிக்கல் வேறு. முற்றத்தில் வெயில் எரிக்கும்போது சுற்றுத் தாழ்வாரம் இருண்டிருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் அடக்க எந்தக் கேமராவும் திணறும். ட்ரைபாடில் கேமராவைப் பொருத்தி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வின் அளவு) 100, துளை எஃப்/8 என்று நிலைநிறுத்தி, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி, இயல்பாக ஒன்று, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பது அல்லது பாதியாக்குவது) குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று என மூன்று படங்களை ரா வடிவில் (கேமரா திருத்தாத மூலக்கோப்பாக) எடுத்துப் பின்னர் இணையுங்கள். ட்ரைபாடின் கால்களில் ரப்பர் உறை இருக்கட்டும். அந்தத் தரையில் ஒரு கீறல் விழுந்தாலும் அடுத்து வருபவருக்குக் கதவு திறக்காது. கைபேசி மட்டுமே உள்ளவர்கள் திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, ஒளியளவைச் சற்றுக் குறைத்து எடுக்கலாம். மிக அகன்ற லென்ஸில் ஓரத்துத் தூண்கள் இழுபட்டுத் தோன்றும் என்பதால், முடிந்தவரை பின்னால் நகர்ந்து முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள். கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காதிருந்தால் தூண்களும் நேராக நிற்கும்.

சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைச் சேர்த்து இழைத்த சுவர்களின் பளபளப்பைப் போலரைசர் வடிகட்டி போட்டு முற்றிலும் அகற்றுவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. அந்த மினுமினுப்பு போய்விட்டால் அது வெறும் வெள்ளைச் சுவர். சன்னல்களின் மேலுள்ள வண்ணக் கண்ணாடி வழியே பச்சையும் நீலமும் விழும் இடங்களில், வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகலொளிக்கு, அதாவது சுமார் 5500 கெல்வினுக்கு, மாற்றிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் கேமரா அந்த நிறங்களைத் திருத்தி அழித்துவிடும்.

நான்காம் படி: ஒரு வேலையைத் தொடர்படமாக்குதல்

வீடுகள் மட்டும் நிறைந்த பதிவில் மனிதர் இருக்கமாட்டார். ஆத்தங்குடிக்குச் சென்று, தரைக்கல் செய்யும் பட்டறை ஒன்றில் கேட்டு அமருங்கள். கண்ணாடிப் பலகையின் மேல் சட்டத்தையும் பூ அச்சையும் வைத்து வண்ணக் கலவையைக் கையால் ஊற்றுவது, அச்சை உருவி எடுப்பது, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுவது, சாந்து நிரப்பி மட்டம் செய்வது, காய்ந்தபின் நீர்த்தொட்டியில் ஊறவைத்துக் கண்ணாடியைப் பிரிப்பது என ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம் வேண்டும். சூளையில் சுடாத இந்தக் கல்லுக்குப் பளபளப்பைத் தருவது அந்தக் கண்ணாடிதான் என்பதால், கண்ணாடி பிரியும் கணத்தைத் தவறவிடாதீர்கள். ஊற்றும் கையின் அசைவு உறைய 1/250 நொடி போதுமானது.

ஐந்தாம் படி: குறிப்பும் எழுத்தும்

அன்றிரவே படங்களை இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் சேமித்துவிட்டு, குறிப்புகளை விரித்து எழுதுங்கள். வீடு எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று வழிகாட்டி சொல்வதை அப்படியே எழுதாமல், கட்டடத்தில் பொறிக்கப்பட்ட ஆண்டையோ வீட்டாரின் ஆவணத்தையோ பார்த்து எழுதுவது நல்லது. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியக் கண்ணாடி என்று எல்லாரும் எழுதும் பட்டியலைவிட, பேருந்து எங்கே நிற்கிறது, எந்தக் கதவை எந்நேரத்தில் திறக்கிறார்கள், கட்டணம் எவ்வளவு என்பதே வாசகருக்குப் பயன்படும். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை ஆகையால், நீங்கள் சென்ற மாதத்தைப் பதிவின் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள்.

ஆறாம் படி: வருவாய்

விடுதி இலவசமாகத் தங்க இடம் தந்திருந்தால் அதைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்திய விளம்பரத் தர அமைப்பு 2021-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இதையே கேட்கின்றன. விளம்பர வருவாய் தொடக்கத்தில் ஒரு தேநீருக்கும் தேறாது என்பதால், இதழ்களுக்குக் கட்டுரை தருவதையும் விடுதிகளுக்கு அறைப்படங்கள் எடுத்துத் தருவதையும் முதலில் நாடலாம். விடுதிக்கு எடுத்துத் தரும்போது, படத்தை எங்கெங்கே, எத்தனை காலம் பயன்படுத்தலாம் என்பதை விலைச்சீட்டிலேயே எழுதுங்கள். தனியார் வீட்டின் உட்புறப் படத்தையோ பட்டறைத் தொழிலாளியின் முகத்தையோ விளம்பரத்துக்கு விற்பதானால், வீட்டாரிடமும் அவரிடமும் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்ற பிறகே விலை பேச வேண்டும்.