தட்டோட்டை நெம்பி எடுக்கும் பக்குவம்

மெட்ராஸ் டெரஸ் வீட்டு மொட்டைமாடியில் பழைய தட்டோட்டை, அதாவது தளத்தின் மேல் பதித்த தட்டையான சதுர ஓட்டை, பெயர்க்க வேண்டும் என்றால் பிரேக்கர் என்ற உடைக்கும் மெஷினை வைக்காதீர்கள். தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, மண்ணடி என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மாடி ஒழுக்கு வேலைதான் செய்கிறேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அந்தக் கூரையில் கம்பி கிடையாது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் அச்சுக்கல் என்ற சின்னச் செங்கல்லைக் குத்தவைத்து, மூலைவாட்டமாகச் சுண்ணாம்பில் அடுக்கியிருப்பார்கள். கல்லும் கல்லும் நெருக்கிக்கொண்டு நிற்பதுதான் அதன் பலம். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம், அப்புறம்தான் தட்டோடு. மேலே பிரேக்கர் அதிர்ந்தால் கீழே சுண்ணாம்பு பிடி விட்டுவிடும். ஒரு வீட்டில் கான்ட்ராக்டர் அவசரப்பட்டு மெஷினை இறக்கினார். அரை மணி நேரத்தில் கீழ் அறையில் பூச்சு பொலபொலவென்று கொட்டி, இரண்டு கல் கட்டில் மேலேயே விழுந்தது. நல்லவேளை, கட்டிலில் யாரும் படுத்திருக்கவில்லை. நான் அன்றைக்கு அங்கே கூலிக்கு நின்றேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கடப்பாரையும் சரிப்படாது. முனை குறுகல், ஓடு நடுவில் பிளந்துவிடும். நான் வைத்திருப்பது சொல்லிச் செய்த நெம்பு பட்டை. புதுப்பேட்டையில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று வாங்கி, நாலு அங்குல அகலத்துக்கு வெட்டி, முனையைத் தோசைத் திருப்பி மாதிரி மெல்லிசாகத் தட்டச் சொன்னேன். அதை நாலடி ஜிஐ பைப்பில் சற்றே வளைவாக வெல்டிங் வைத்தாயிற்று. முக்கியமானது அடியில் இருக்கும் முட்டு. முனையிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, அடிப்பக்கம் குறுக்கே ஒரு கம்பித் துண்டு வைத்து ஒட்ட வேண்டும். முட்டிலிருந்து கைப்பிடி நாற்பத்தைந்து அங்குலம் என்றால், நீங்கள் பத்து கிலோ அழுத்தினால் முனை 150 கிலோவுக்குத் தூக்கும். அதனால் பலம் காட்டவே தேவையில்லை. நின்றபடியே வேலை செய்வதால் இடுப்பும் பிழைக்கும்.

வேலையை மாசி மாதத்தில் வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று ஆவணியில் ஆரம்பிப்பவர்கள் உண்டு. சாயங்கால இடிமழை ஒன்று போதும், திறந்த தளம் தண்ணீரைக் குடித்துவிடும்.

முதலில் ஒரு மூங்கில் கொம்பால் ஓடு ஓடாகத் தட்டிக் கேளுங்கள். பிடிப்புள்ள ஓடு கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். விட்டுப்போன ஓடு பானையைத் தட்டியது போல டொப்பென்று கேட்கும். அப்படிப்பட்ட ஒன்றை உளி வைத்து உடைத்து, பட்டை நுழைய வாய் திறந்துகொள்ளுங்கள். அங்கிருந்து மேட்டுப் பக்கமாக வரிசை வரிசையாகப் போகலாம். கைப்பிடிச் சுவர் ஓரத்து ஓட்டைக் கடைசிக்கு விடுங்கள்.

பட்டையைப் படுக்கையாக வைத்து ஓட்டுக்கு அடியில் நுழைக்க வேண்டும். உள்ளே போகவில்லையென்றால் பைப்பின் பின்முனையில் மரக்கட்டையால் லேசாக இரண்டு தட்டு. பிறகு கைப்பிடியைக் கீழே அழுத்துங்கள், மேலே இழுக்காதீர்கள். டிக் என்று ஒரு சத்தம் வரும். அதுதான் சிமெண்ட் கலவை விட்ட சத்தம். அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, மெதுவாக மறுபடி அழுத்தினால் ஓடு முழுசாக எழும்பி வரும்.

கண் பட்டையின் முனையிலேயே இருக்கட்டும். வரும் தூள் சாம்பல் நிறமாக இருக்கிறவரை கவலையில்லை, அது ஓட்டுக்கு வைத்த சிமெண்ட். சிவப்பாக, செங்கல் துணுக்கோடு வந்தால் பட்டை சுண்ணாம்புத் தளத்துக்குள் இறங்கிவிட்டது. "அண்ணா, செவப்பு வருது" என்று கூட வேலை செய்யும் பையன் குரல் கொடுத்தால் அப்படியே கையை எடுத்துவிடுவேன். கைப்பிடியைத் தாழ்த்தி முனையை உயர்த்தி, வேறு பக்கமிருந்து நுழைக்க வேண்டும். அந்தத் தளம் நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கியது. இன்றைக்கு அப்படி அடிக்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

எடுத்த ஓட்டை நடுமாடியில் குவிக்கவே கூடாது. எட்டுக்கு எட்டு ஓடு ஒன்று ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வரும். நூறு சதுர அடிக்கு 225 ஓடு, ஒட்டிய கலவையோடு முந்நூறு கிலோவைத் தாண்டும். கடல் காற்றில் நனைந்து காய்ந்த பழைய கட்டை அதை ஒரே இடத்தில் தாங்காது. கீழே சுவர் வரும் இடமாகப் பார்த்து நீளவாட்டில் அடுக்குங்கள், அன்றன்றே கீழே இறக்குங்கள். வேலை நடக்கும்போது கீழ் அறையில் யாரும் இருக்கக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை நானே இறங்கிப்போய் டார்ச் அடித்துக் கட்டைக்கும் கல்லுக்கும் நடுவில் புதுக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

முகத்துக்குத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள், சுண்ணாம்புத் தூசி கண்ணைப் புண்ணாக்கும். உடையாத ஓட்டைத் தேய்த்து வையுங்கள், பின்கட்டு நடைபாதைக்கு ஆகும். உடைந்ததைப் பக்கிங்ஹாம் கால்வாயில் கொட்டிவிட்டு வரும் வண்டிக்காரரிடம் வேலை கொடுக்காதீர்கள். மழை வந்தால் அந்தத் தண்ணீர் நம் தெருவுக்குத்தான் திரும்பும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவுதான் திறக்க வேண்டும். நானும் பையனும் சேர்ந்து ஐம்பது, அறுபது சதுர அடி எடுப்போம். நாலு மணிக்குப் பெருக்கி, தார்பாயை விரித்து, அதன் ஓரங்களில் அன்றைக்கு எடுத்த ஓட்டையே பாரமாக வைத்துவிட்டு இறங்குவோம்.