அமாவாசைக்கு ஒரு நோட்டுப் புத்தகம்: பிள்ளைகளோடு மின்மினி கணக்கெடுப்பது எப்படி?

போன ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் ராத்திரி, சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காவில் உள்ள அலையாத்திக் காட்டு மரப்பாதையில் நானும் அம்மாவும் பிள்ளைகள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். மணி எட்டைத் தாண்டிவிட்டது, இருபது நிமிடமாக ஒன்றும் கண்ணில் படவில்லை. "அப்பா, வீட்டுக்குப் போகலாமா" என்று சின்னவள் கேட்ட நேரத்தில் அம்மாதான் முதலில் பார்த்தார். "அதோ, கெலிப்-கெலிப்" என்று மெதுவாகச் சொன்னார். கம்பத்து (கிராமத்து) வீட்டில் வளர்ந்தவருக்கு மின்மினிக்கு மலாய்ச் சொல்தான் முதலில் வாயில் வந்தது. ஓர் இலையின் விளிம்பில் கடுகளவு மஞ்சள் பச்சை வெளிச்சம். அணைந்தது, திரும்பவும் அதே இலையில் எரிந்தது.

பார்த்து மகிழ்ந்ததோடு விட்டுவிடாமல் அதை ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிற மாதிரி எழுதிவைப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. இதற்கு முன் எதையும் கணக்கெடுத்துப் பழக்கமில்லாத குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் மின்மினியா என்று கேட்பவர்கள் நிறைய. மலேசியாவில் கோத்தா திங்கிக்கும் கோலா சிலாங்கூருக்கும் போய்ப் படகேறிப் பார்த்துவிட்டு வருகிறோம், ஆனால் நம் ஊரிலேயே இருப்பது பலருக்குத் தெரியாது. 2009இல் நீ சூன் சதுப்புநிலக் காட்டில் சேகரித்த பூச்சிகளை ஆராய்ந்து, 2021இல் மின்மினி ஆய்வாளர் வான் ஃபரிடா அக்மல் ஜுசோவும் அவருடைய குழுவினரும் 'லூசியோலா சிங்கப்பூரா' என்று ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைத்தார்கள். அது ஐந்து மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத பூச்சி. அதற்கு முன்னால் இங்கே ஒளிவிடும் மின்மினியில் புது இனம் கண்டறியப்பட்டது 1909இல்! இவ்வளவு சின்னத் தீவில், இவ்வளவு பேர் நடமாடுகிற இடத்தில், நூறு வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் தனி இனமாகப் படாமல் ஒன்று மின்னிக்கொண்டிருந்திருக்கிறது. ஆய்வாளர்களால் எல்லா இரவும் எல்லா இடத்திலும் போய் நிற்க முடியாது, நம்மால் ஓர் இடத்திலாவது நிற்க முடியும்.

முதலில் இடம்

அனுமதி உள்ள இடம்தான் வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இயற்கை வனப் பகுதிகளுக்குள் இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணிவரை நுழையக் கூடாது. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகமும் மாலை 7 மணிக்கு மூடிவிடும். நீ சூன் சதுப்புநிலக் காடு பொதுமக்கள் போகும் இடமே இல்லை, புது இனத்தைத் தேடிக்கொண்டு யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். குடும்பத்தோடு போக எனக்குப் பிடித்தது பாசிர் ரிஸ்தான். எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம், சேற்றில் கால் வைக்காமல் மரப்பாதையிலேயே நின்று பார்க்கலாம்.

அங்கே போனதும் நிற்கிற இடத்தை ஒரே ஒரு தடவை முடிவு செய்யுங்கள். எங்களுடையது ஒரு கைப்பிடித் தூண். அதிலிருந்து நேர் எதிரே தெரிகிற இரண்டு மரங்கள், அவ்வளவுதான் எங்கள் எல்லை. பக்கத்தில் பத்து மின்மினி மின்னினாலும் அதைத் தனியாகக் குறிக்கிறோமே தவிர எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. பிள்ளைகளுக்கு இது முதலில் அநியாயமாகத்தான் படும். ஒரே ஜன்னல் வழியாகத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

நாள், நேரம்

சமையலறைச் சுவரில் தினசரி கிழிக்கும் நாள்காட்டி தொங்குகிறதா, அது போதும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு நாளுக்குள் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலா வெளிச்சத்தில் மின்மினியின் ஒளி நம் கண்ணுக்கு எடுபடாது. இங்கே சூரியன் மறைவது வருஷம் முழுக்க ஏறக்குறைய மாலை 6:45க்கும் 7:20க்கும் நடுவில்தான், ஆக 7:45க்கு உங்கள் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றால் சரியாக இருக்கும். பெரிய மழை, இடி என்றால் போகவே வேண்டாம். இலேசான தூறலில் போனால் தூறல் என்று எழுதிவிடுங்கள்.

கையில் என்ன, காலில் என்ன

நீளக் கை சட்டை, நீளக் கால்சட்டை, நோட்டு, பென்சில், ஒரு சின்ன டார்ச். அன்பளிப்புக் கூடைக்குச் சுற்றுகிற சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று மடிப்பாக மடித்து டார்ச்சின் முகத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். சிவப்பு வெளிச்சம் மின்மினியை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, இருட்டுக்குப் பழகிய நம் கண்ணும் கெடாது. கொசு மருந்தை வீட்டிலேயே தடவிக்கொண்டு கிளம்புங்கள், அதை அங்கே நின்று காற்றில் அடிக்க வேண்டாம், அதுவும் பூச்சிக்கு ஆகாத பொருள்தான்.

அப்புறம் காலணி. எங்கள் இரண்டாவது இரவு இதனால்தான் வீணானது. சின்னவள் போட்டிருந்தது நடந்தால் மின்னுகிற காலணி. அவள் கால் மாற்றி நிற்கும் ஒவ்வொரு தடவையும் பாதையே நீலமும் சிவப்புமாக வெட்டியது, எங்கள் கண்ணும் இருட்டுக்குப் பழகவில்லை, எதிர் மரத்திலும் அன்றைக்கு எதுவும் மின்னவில்லை. இப்போது கிளம்புவதற்கு முன்னால் வாசலில் விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் ஒரு தடவை குதித்துப் பார்க்கிறோம். கைக்கடிகாரம், கைப்பேசி, எது ஒளிர்ந்தாலும் பைக்குள் போய்விடும்.

கைப்பிடியில் கை வைக்குமுன் சிவப்பு டார்ச்சால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அலையாத்திப் பகுதியில் குழிவிரியன் இனப் பாம்பு கிளையிலோ கைப்பிடி ஓரத்திலோ அசையாமல் படுத்திருப்பது உண்டு. நாம் தொடாதவரை அது பாட்டுக்கு இருக்கும்.

எண்ணும் விதம்

அமெரிக்காவில் பாஸ்டன் அறிவியல் அரும்பொருளகம் 2008இல் 'ஃபயர்ஃபிளை வாட்ச்' என்று ஒரு மக்கள் அறிவியல் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பங்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே நின்று, பத்து விநாடி வீதம் மூன்று தடவை எண்ணி எழுதுவது அவர்கள் முறை. புல்வெளிமேல் பறந்துகொண்டே மின்னுகிற அங்கத்திய இனங்களுக்கு அது பொருந்தும். நம் அலையாத்தி மின்மினிகள் பெரும்பாலும் இலைமேல் உட்கார்ந்தபடி மின்னுபவை, அதனால் எங்கள் வீட்டுக்கு அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டோம்.

போனதும் எண்ண ஆரம்பிக்காதீர்கள். பதினைந்து இருபது நிமிடம் பேசாமல் நின்று கண்ணைப் பழக்குங்கள். பிறகு ஒருவர் மெல்ல "சரி" என்று சொன்னதும் ஒரு நிமிடம் எல்லாரும் மனசுக்குள் எண்ண வேண்டும். எத்தனை முறை மின்னியது என்று எண்ணக் கூடாது, எத்தனை இடத்தில் மின்னுகிறது என்றுதான் எண்ண வேண்டும், ஏனென்றால் ஒரே பூச்சி ஒரு நிமிடத்தில் பல தடவை மின்னிவிடும். நிமிடம் முடிந்ததும் யாரும் வாயைத் திறக்காமல் அவரவர் எண்ணை அவரவர் தாளில் எழுதிவிட்டு, இரண்டு நிமிடம் விட்டு மறுபடியும், இன்னொரு தடவையும் எண்ணுங்கள்.

எழுதுமுன் பேசிவிட்டால் போச்சு. "நான் ஏழு பார்த்தேன்" என்று அண்ணன் சொன்னதும் தங்கைக்கும் ஏழாகிவிடும். ஒருநாள் என் தாளில் 4, அம்மாவுடையதில் 5, பெரியவனுடையதில் 7. எது சரி என்று பிள்ளைகள் கேட்டார்கள். மூன்றையும் எழுதினோம். ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதே படிக்கிறவருக்கு ஒரு தகவல், சராசரி போட்டு மறைத்துவிட்டால் அது போய்விடும். இருபதுக்கு மேல் போனால் துல்லியத்துக்காக மல்லுக்கட்டாமல் '20க்கு மேல்' என்று எழுதுங்கள்.

ஒன்றுமே தெரியாத இரவும் வரும். முதல் தடவை அப்படி ஆனபோது "இன்னிக்கு முட்டைப்பா" என்று பெரியவன் நோட்டை மூடப் போனான். அந்த முட்டையைத்தான் அவசியம் எழுத வேண்டும். தேதி, நேரம், வானிலை எல்லாம் போட்டு 0 என்று எழுதினால், நாங்கள் இருந்தோம், பார்த்தோம், இல்லை என்று அர்த்தம். எழுதாமல் விட்டால் போனீர்களா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது. ஒரு மரத்தில் மின்மினி குறைந்துபோனது எப்போது என்று பின்னால் ஒருவர் கேட்டால், அதற்குப் பதில் சொல்லப் போவது இந்த முட்டைகள்தான்.

எண்ணோடு சேர்த்து எழுத வேண்டியவை: தொடங்கிய நேரம், மேகம், கடல் ஓதம் ஏறியிருக்கிறதா வற்றியிருக்கிறதா, பக்கத்தில் ஏதாவது புதிய விளக்கு போட்டிருக்கிறார்களா, ஒளியின் நிறம், உட்கார்ந்து மின்னியதா பறந்தபடியா. தரையில் அணையாமல் மங்கலாக எரிகிற ஒளி தெரிந்தால் அது மின்மினியின் புழுவாக இருக்கலாம். மின்மினி வண்டு இனம், அதன் புழு நத்தைகளைத் தின்று வளர்கிறது. சில காளான்களும் அணையாமல் ஒளிரும், அதனால் 'தரையில், அணையாதது' என்று மட்டும் எழுதுங்கள்.

மரத்தின் பெயர் தெரிந்தால் அதையும். அலையாத்தி ஓரங்களில் நீர்ப்பருத்தியும் தில்லையும் மின்மினி உட்காருகிற மரங்கள். ஆமாம், சிதம்பரத்தின் தல மரமான அதே தில்லை! மலாயில் இதை 'பூத்தா-பூத்தா' என்கிறார்கள், 'பூத்தா' என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும், தோலில் பட்டாலும் கொப்புளிக்கும். பிள்ளைகள் இலை கிள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சியையும் பிடிக்க வேண்டாம், பாட்டிலில் அடைக்க வேண்டாம்.

படமும் பதிவும்

ஃபிளாஷ் கூடவே கூடாது. எண்ணி முடித்த பிறகு கைப்பேசியை அசையாத ஏதாவது ஒன்றின்மேல் சாய்த்து, இரவுப் படத் தெரிவில் பத்து விநாடிக்குக் குறையாமல் எடுத்தால் மின்மினி ஒளி புள்ளிகளாக விழும். அதை, பார்த்த உயிரினங்களை யார் வேண்டுமானாலும் பதிகிற 'ஐநேச்சுரலிஸ்ட்' செயலியில் ஏற்றலாம், வீடியோ ஏற்காது, அதிலிருந்து ஒரு படத்தை எடுத்து ஏற்றுங்கள். பதிமூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் பெற்றோர் கணக்கிலேயே பதியட்டும். நம் அலையாத்திகளில் டெராப்டிக்ஸ் வாலிடா, டெராப்டிக்ஸ் மலாக்கே என்று இரண்டு இனங்கள் பதிவாகியிருக்கின்றன, ஆனால் ஒளிப் புள்ளியை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது. 'மின்மினிக் குடும்பம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெரியாத பெயரைப் போட்டுவிட்டால் அதைத் திருத்த இன்னொருவர் மெனக்கெட வேண்டும்.

கூட்டமாக மின்னுகிற மரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் இடத்தை மங்கலாகக் காட்டும் தெரிவைப் போட்டுவிடுங்கள். அப்படிப் போட்டால் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் சதுரத்துக்குள் எங்கோ என்றுதான் மற்றவர்களுக்குத் தெரியும், நம் தீவில் அது பெரும்பகுதி. மறுநாளே ஐம்பது பேர் வெள்ளை டார்ச்சோடு வந்து நிற்க மாட்டார்கள்.

இந்தச் செயலியில் 0 என்று பதிய வழி கிடையாது, இருப்பதை மட்டும்தான் பதியலாம். அதனால் நோட்டைக் கைவிடாதீர்கள். இரவுக்கு ஒரு வரி, அதே தூண், அதே இரண்டு மரம். எங்கள் நோட்டில் இதுவரை ஒன்பது இரவுகள், அதில் மூன்று முட்டை. ஒரு வருஷம் நிரம்பியதும் நகலெடுத்துத் தேசியப் பூங்காக் கழகத்துக்கு அனுப்புவதாக இருக்கிறோம். தேதி எழுதுவது பெரியவன், வானிலை எழுதுவது சின்னவள், அடுத்த அமாவாசையைப் பார்த்து நாள்காட்டியில் வட்டம் போடுவது அம்மா.