இந்தக் கல்லில் எவ்வளவு தங்கம்? காரீயம் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

கல்லை அரைத்து, சயனைடில் கரைத்துத் தங்கம் எடுப்பது ஆலையின் வேலை. கர்நாடகத்தின் ஹட்டியில் இன்றும் அது நடக்கிறது. அதற்கு முன்பே தெரிய வேண்டியது, கல்லில் தங்கம் எவ்வளவு என்பது. டன்னுக்கு 5 கிராம் என்றாலே நல்ல தாது, கண்ணுக்கெல்லாம் தெரியாது. புகைபோக்கி உள்ள ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள். காரீயப் புகை விஷம், மொட்டைமாடியில் வேண்டவே வேண்டாம்.

1. கலவை. மாவாக அரைத்த தாது 30 கிராம். அதோடு லித்தார்ஜ் (காரீய ஆக்ஸைடு), சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்), வெங்காரம், மணல், 3 கிராம் கோதுமை மாவு, சில மில்லிகிராம் வெள்ளி. கோதுமை மாவின் கரிதான் லித்தார்ஜைக் காரீயமாக்குகிறது. 1 கிராம் மாவுக்குச் சுமார் 10 கிராம் காரீயம் இறங்கும்.

2. உருக்குதல். மூசையில் போட்டு 1050 டிகிரி வரை. இரும்பு அச்சில் ஊற்றி, ஆறியதும் தட்டினால் கசடு உதிர்ந்து காரீயக் கட்டி நிற்கும். தங்கம் அதற்குள் இருக்கிறது.

3. காரீயத்தை ஓட்டுதல். கட்டியை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் (கியூபல்) வைத்து, காற்றோட்டமுள்ள உலையில் சுமார் 900 டிகிரியில் விட வேண்டும். காரீயம் ஆக்ஸைடாகிக் கிண்ணத்துக்குள் ஊறிப்போகும். மெக்னீசியா கிண்ணமும் கிடைக்கிறது. புதியவர்களுக்கு நான் எலும்புச் சாம்பலைத்தான் சொல்வேன். விளிம்பில் இறகு இறகாக மஞ்சள் படிகம் படிந்தால் சூடு சரி. சூடு குறைந்தால் மேலே ஆடை கட்டி வேலை நின்றுவிடும். கடைசியில் தங்கமும் வெள்ளியும் சேர்ந்த ஒரு சின்ன மணி மிஞ்சும், அது ஒருமுறை பளிச்சென்று மின்னும். அவசரப்பட்டு முன்னாலேயே எடுக்காதீர்கள்.

4. வெள்ளியைப் பிரித்தல். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மணியைத் தட்டித் தகடாக்கி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இளஞ்சூட்டில் போட்டால் வெள்ளி கரையும், தங்கம் தங்கும். வெள்ளி தங்கத்தைப்போல் மூன்று மடங்காவது இல்லாவிட்டால் அமிலம் உள்ளே போகாது. முதல் படியில் வெள்ளி சேர்த்தது இதற்காகத்தான்.

அப்புறம் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருக்கும். அமிலம் பால்போல வெளுத்தால் அதுதான் காரணம். வெள்ளி குளோரைடாகப் படிவது மட்டுமல்ல, நைட்ரிக்கோடு குளோரைடு சேர்ந்தால் தங்கமே கொஞ்சம் கரையலாம். எனவே வாலை வடிநீர் மட்டும், கழுவுவதற்கும் அதுவே.

மிஞ்சுவது பழுப்பு நிறத்தில் ஒரு துகள். ஊதினால் பறக்கும், மின்விசிறியை நிறுத்துங்கள். சிவக்கக் காய்ச்சினால் மஞ்சளாகும்.

5. கணக்கு. நுண்தராசில் 0.15 மில்லிகிராம் வந்தால், 0.15 ÷ 30 × 1000 = டன்னுக்கு 5 கிராம்.

பிற்சேர்க்கை: காரீயக் கட்டி அளவுக்கு மீறிப் பெரிதாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். கல்லில் பைரைட் இருக்கிறதா பாருங்கள். அதிலுள்ள கந்தகமும் மாவு செய்யும் வேலையைச் செய்யும். மாவைக் குறையுங்கள், அப்படியும் பெரிதானால் மாவே வேண்டாம், கொஞ்சம் வெடியுப்பு சேருங்கள். பொங்கும், ஆகவே பெரிய மூசையாக எடுத்துக்கொள்ளுங்கள்.