பிளான் போடும் முன் வெயிலைப் பாருங்கள்: மதுரைப் பக்கம் ஒரு குளுமையான வீடு

மனை வாங்கியதும் இன்ஜினியரிடம் போய் "ஆயிரம் சதுர அடியில் ரெண்டு பெட்ரூம்" என்று பிளான் கேட்பதுதான் வழக்கம். வாஸ்து பார்க்கிறோம், பட்ஜெட் பார்க்கிறோம். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அப்புறம் ஏசிக்குக் கரண்ட் பில் கட்டியே ஓய்ந்து போகிறோம்.

இது மதுரை, சிவகங்கை, விருதுநகர் மாதிரி வறண்ட சமவெளிக்கான முறை. ஊட்டிக்கு இது ஆகாது.

படி 1: மனையில் கம்பு நடுங்கள்

மூன்றடிக் கம்பை நேராக நட்டு, காலை, உச்சி, மாலை என நிழல் நுனியில் ஒவ்வொரு கல் வையுங்கள். டிசம்பரில் உச்சி நிழல் வடக்கே விழும். ஜூனில் தெற்கே விழும்; அப்போது சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. ஏப்ரல் நடுவில் உச்சியில் நிழலே இருக்காது. அதாவது கோடையில் உச்சி வெயில் மொத்தமும் மொட்டைமாடிக்கு, மூன்று மணிக்கு மேல் மேற்குச் சுவருக்கு. நம் பகையாளி இந்த இரண்டும்தான். மனை இடம் கொடுத்தால் வீட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். வெயில் வாங்கும் கிழக்கு, மேற்குச் சுவர்களின் நீளம் குறைந்துவிடும்.

படி 2: வீட்டில் யார், எப்போது?

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சாயங்காலம் வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணிக்கு மேலும் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். பகல் முழுக்கப் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு, வேலைக்குப் போய் ஏழு மணிக்குத் திரும்புகிறவர்களின் பிளான் சரிவராது. இரண்டாவது வகையினருக்குப் படுக்கையறை கிழக்கில் அமைவது நல்லது. கன்னி மூலையில்தான் (தென்மேற்கில்) பெட்ரூம் என்று வீட்டில் பிடிவாதமா? சண்டை வேண்டாம். மேற்குச் சுவர் முழுக்க அலமாரி அடித்துவிடுங்கள், வெளியே நிழலுக்கு வழி செய்யுங்கள்.

படி 3: மேற்குச் சுவர்

தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு போட்டால், டிசம்பர் உச்சி வெயிலிலும் கீழே மூன்றடிக்கு நிழல் கிடைக்கும். அதே சன்ஷேடு மேற்கில், ஏப்ரல் மாலை நாலரைக்கு, ஓரடிக்குச் சற்று மேல்தான் மறைக்கும். வெயில் சாய்ந்து வருகிறதே! எனவே மேற்கில் சன்ஷேடை நம்பாமல் புங்கை மரம் வையுங்கள், சுவரை விட்டுப் பதினைந்து அடி தள்ளி. இடமில்லையென்றால் கம்பிப் பந்தலில் கொடி ஏற்றலாம்.

ஆனால் மேற்கை மொத்தமாக அடைத்துவிடாதீர்கள். ஆடிக் காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். மேலே சின்ன வெண்டிலேட்டர் அல்லது ஜாலி (ஓட்டைகள் விட்ட தடுப்பு) வைத்து, எதிர்ச்சுவரில் பெரிய ஜன்னல் வைத்தால் காற்று உள்ளே வந்து வெளியே போகும். வெளியேற வழியில்லாத அறைக்குள் காற்று வராது.

சுவரை 'எலிப்பொறி' (rat-trap bond) முறையில் கட்டலாம். கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை. செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடுவார்கள். சூடு மெல்ல இறங்கும், செங்கலிலும் சுமார் கால் பங்கு மிச்சம். பழக்கமில்லாத கொத்தனார் முகம் சுளிப்பார். இதில் கைதேர்ந்த ஒருவரை வைத்து முதல் நாலு வரிசையைப் போடச் சொல்லுங்கள்.

படி 4: மொட்டைமாடி

வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டுங்கள். பணம் இடித்தால் வருடம் ஒருமுறை சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும். கறுப்பு வாட்டர்ப்ரூஃபிங்கை மேல்பூச்சாக விடவே கூடாது. தண்ணீர் ஓட்டம் ஒரே மூலைக்கு வரட்டும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர். வடிகட்டித் தொட்டிக்கு விடுங்கள், மிச்சம் கிணற்றுக்கோ போர்வெல் பக்கத்துக் குழிக்கோ போகட்டும்.

படி 5: சோலார், கடைசியில்

பலர் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் 75 வாட் மின்விசிறிகளை 30 வாட் பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார்) மின்விசிறிகளாக மாற்றுங்கள். ஒரு கோடையைக் கழித்து, பில்லில் எத்தனை யூனிட் வருகிறது என்று பார்த்த பிறகு அளவை முடிவு செய்யுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சுமார் 4 யூனிட், சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பேனலைத் தெற்குப் பார்த்து, ஆள் நடமாடும் உயரத்தில் ஏற்றி வையுங்கள். அடியில் துணி காயப்போடலாம், மாடிக்கும் நிழல்.