புது மீன் தொட்டியில் பாசியா? விளக்கையும் வாளியையும் முதலில் பாருங்கள்

தொட்டி வைத்து இரண்டு மூன்று வாரத்தில் கண்ணாடி, மணல், இலை எல்லாம் காப்பித்தூள் தூவியது போலப் பழுப்பாகிவிட்டதா? பயப்படாதீர்கள், அது டயாட்டம் என்ற பழுப்புப் பாசி. விரலால் தடவினாலே வந்துவிடும். தொட்டி பழகப் பழகப் பெரும்பாலும் தானாகவே போய்விடும். பச்சைப் பாசிக்குத்தான் நாம் இறங்கி வேலை செய்ய வேண்டும். என் தொட்டி தெளிந்தது இந்த வரிசையில்தான்.

முதலில் விளக்கு. ஒரு டைமர் வாங்கி 6 மணி நேரத்துக்கு வையுங்கள். செடிகள் வேர் பிடித்து வளர ஆரம்பித்ததும் 8 மணி நேரம் வரை கூட்டலாம். ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தால் இடத்தை மாற்றுங்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரம். பகல் சுருங்கும் மாதம் என்று இங்கே ஒன்று வராது.

அடுத்து, தண்ணீர் மாற்றுவது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும் என்று ஊரில் சொல்வார்கள். இங்கே குழாயில் வருவது குளோரமைன், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது; அது ஓர் இரவில் பறந்து போகாது. திறந்த வாளியில் தண்ணீரைத் தேக்கி வைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அபராதமும் வரலாம். குளோரமைன் உள்ள தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீனுக்கும் ஆபத்து, ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் ஆபத்து. பாக்டீரியா போனால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா ஏறும், தொட்டி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

அதனால் குளோரமைனுக்கும் வேலை செய்யும் என்று பாட்டிலில் எழுதியிருக்கும் கண்டிஷனராக (குழாய்த் தண்ணீரை மீனுக்கு ஏற்றதாக்கும் திரவம்) பார்த்து வாங்குங்கள். எனக்குப் பிடித்தது சீக்கெம் பிரைம். 200 லிட்டருக்கு 5 மில்லி என்பது அதன் கணக்கு. அப்படியானால் 10 லிட்டர் வாளிக்குக் கால் மில்லிதான். மூடியால் அதை அளக்க முடியாது. ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வாளியில் கலக்கிவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். வாரம் ஒரு முறை கால் பங்கு மாற்றினால் போதும்.

ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவவே கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் சரி. கொஞ்சம் பழுப்பு தங்கினால் தங்கட்டும்.

கண்ணாடியைப் பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டலாம். தண்ணீர் மாற்றுவதற்கு முன் சுரண்டினால் உதிர்ந்ததும் தண்ணீரை வெளியேற்றும் குழாயோடு வெளியே வந்துவிடும்.

பாசி மருந்து வேண்டாம். செம்பு கலந்தது இறாலைக் கொன்றுவிடும். அந்தக் காசுக்கு ஹார்ன்வோர்ட், வாட்டர் ஸ்ப்ரைட் மாதிரி வேகமாக வளரும் செடிகளை வாங்குங்கள்; பாசிக்குப் போகும் சத்தை அவை இழுத்துக்கொள்ளும். செராங்கூன் நார்த், கிளமெண்டி மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நெரைட் நத்தையும் நன்றாக மேயும். அதன் வெள்ளை முட்டைகள் நன்னீரில் பெருகாது. பாசி தின்னும் குட்டி ஒட்டோ மீனை மட்டும் புதுத் தொட்டியில் விடாதீர்கள், பட்டினி கிடந்து செத்துவிடும்.

பின்சேர்க்கை: கண்ணாடி சுத்தமாக இருக்கிறது, தண்ணீரே பச்சையாக இருக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதற்குச் சுரண்டியும் பயனில்லை, தண்ணீர் மாற்றியும் தீராது. விளக்கை அணைத்து, தொட்டி முழுவதையும் தடித்த துணியால் 3 நாள் மூடுங்கள். தீனி போட வேண்டாம். காற்று பம்ப் மட்டும் நிற்கவே கூடாது: சாகும் பாசி ஆக்சிஜனை இழுக்கும், சிங்கப்பூர்ச் சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. துணியை எடுத்ததும் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.