திரைக்கு வெளியே போன விண்டோவை இழுத்து வருவது எப்படி?

வீட்டில் லேப்டாப்போடு ஒரு பெரிய மானிட்டரையும் இணைத்துத்தான் வேலை பார்ப்பேன். போன மாதம் ஊருக்குக் கிளம்பும்போது கேபிளைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை மட்டும் எடுத்துப் போனேன். அங்கே போய்க் கணக்கு எழுதும் புரோகிராமைத் திறந்தால் விண்டோ வரவே இல்லை. டாஸ்க்பாரில் ஐகான் இருக்கிறது, அதன்மேல் மவுஸை வைத்தால் சின்னப் படம்கூடத் தெரிகிறது, கிளிக் செய்தால் மட்டும் ஒன்றும் வரவில்லை. இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தும் அதே கதைதான்.

சில புரோகிராம்கள் கடைசியாக எந்த இடத்தில் மூடினோமோ அங்கேயே மறுபடி திறக்கும். அந்த இடம் கழற்றிவிட்டு வந்த மானிட்டரில் இருந்தால் விண்டோ நம் கண்ணில் படாது. அதை இழுத்து வர மவுஸ் மட்டும் போதாது, கீபோர்டும் வேண்டும்.

1. ஆல்ட் + டேப் அழுத்தி அந்த விண்டோவைத் தேர்ந்தெடுங்கள். டாஸ்க்பாரில் கிளிக் செய்ய வேண்டாம். அது ஏற்கெனவே முன்னால் இருந்தால் மினிமைஸ் ஆகிவிடும்.

2. ஆல்ட் + ஸ்பேஸ் அழுத்துங்கள். ரெஸ்டோர், மூவ், சைஸ் என்று ஒரு சின்ன மெனு வரும்.

3. எம் அழுத்துங்கள். அதுதான் மூவ்.

4. ஏதாவது ஓர் அம்புக்குறியை ஒரே ஒரு முறை தட்டுங்கள். இப்போது பட்டன் எதையும் அழுத்தாமல் மவுஸை நகர்த்தினால் விண்டோ அதோடு ஒட்டிக்கொண்டு வரும். வேண்டிய இடத்தில் ஒரு கிளிக், அவ்வளவுதான்.

நான் மாட்டிக்கொண்டது நான்காவது படியில். எம் அழுத்தியதும் நேராக மவுஸை நகர்த்தினேன், எதுவும் அசையவில்லை. வழியே தவறு என்று நினைத்து விட்டுவிட்டேன். அம்புக்குறியைத் தட்டிய பிறகுதான் விண்டோ மவுஸோடு சேரும். அந்த ஒரு தட்டலை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோ மேக்ஸிமைஸ் ஆன நிலையில் இருந்தால் மூவ் மங்கலாக இருக்கும், வேலை செய்யாது. முதலில் ஆல்ட் + ஸ்பேஸ், பிறகு ஆர் அழுத்தி ரெஸ்டோர் செய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாருங்கள்.

இரண்டு மானிட்டரும் இணைந்திருக்கும்போது இவ்வளவும் தேவையில்லை. விண்டோஸ் + ஷிஃப்ட் + இடது அல்லது வலது அம்புக்குறி போதும், விண்டோ அடுத்த மானிட்டருக்குத் தாவிவிடும்.

பின்சேர்க்கை: ஆல்ட் + ஸ்பேஸ் அழுத்தினால் மெனுவுக்குப் பதில் ஒரு தேடல் பெட்டி வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பவர்டாய்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவித் தொகுப்பைப் போட்டிருந்தால், அதிலுள்ள ரன் என்ற தேடல் வசதி இதே விசைகளைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். பவர்டாய்ஸ் செட்டிங்ஸில் ரன்னுக்கு வேறு விசைகளைக் கொடுங்கள். அதற்குப் பொறுமை இல்லையா? ஷிஃப்டை அழுத்திக்கொண்டே டாஸ்க்பார் ஐகானில் ரைட் கிளிக் செய்யுங்கள், அதே மெனு வந்துவிடும். இப்போதெல்லாம் நானே இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

சரி, மவுஸ் பக்கம் வந்தாயிற்று, எனக்குப் பிடித்த சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டோவின் மேல் விளிம்பில், கர்சர் இருதலை அம்பாக மாறும் இடத்தில், டபுள் கிளிக் செய்தால் அகலம் மாறாமல் உயரம் மட்டும் திரை முழுக்க நீளும். நீளமான எக்செல் பட்டியலைப் பார்க்கும்போது தினமும் கைகொடுக்கிறது. டாஸ்க்பார் ஐகானில் ஸ்க்ரோல் வீலையே அழுத்தினால் அதே புரோகிராமின் புது விண்டோ திறக்கும். ஒரே ஐகானுக்குள் நான்கைந்து விண்டோக்கள் இருந்தால், கண்ட்ரோலை அழுத்தியபடி அதைக் கிளிக் செய்யுங்கள், ஒவ்வொன்றாக முன்னால் வரும்.

டைட்டில் பாரைப் பிடித்து உலுக்கினால் மற்றவை எல்லாம் மினிமைஸ் ஆகும் வசதி 2009இல் விண்டோஸ் 7உடன் வந்தது. விண்டோஸ் 11இல் அது அணைத்துவைக்கப்பட்டிருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், மல்டிடாஸ்கிங் வழியே போய் இயக்கலாம். ஆனால் உலுக்குவதைவிட விண்டோஸ் + ஹோம் எனக்கு வசதி. அதே வேலை, கையும் கீபோர்டை விட்டு எடுக்க வேண்டாம். இன்னொரு முறை அழுத்தினால் மறைந்தவை எல்லாம் திரும்பி வந்துவிடும்.